வெடி கீழ, வினை மேல: ஷேல் கேஸ் பத்தி வாசகர் கேள்விகள்

போன இதழ்ல ஒருத்தர் "ஷேல் கேஸ் நல்லதா கெட்டதா, ஒரே வரில சொல்லுங்க"ன்னு கேட்டிருந்தார். நானும் வாய வச்சுக்கிட்டு சும்மா இல்லாம "பக்கத்துல யாரு குடியிருக்காங்கங்கிறத பொறுத்தது"ன்னு எழுதி முடிச்சுட்டேன். அதுக்கு வந்த மெயில படிக்கவே ரெண்டு நாள் ஆச்சு. பாதி பேரு என்னைய கம்பெனி ஆளுன்னு திட்டிருக்காங்க, மீதி பேரு வளர்ச்சிக்கு எதிரின்னு திட்டிருக்காங்க. சரி, இந்த வாரம் முழுக்க இதுதான்.

கேள்வி: அடுப்புல எரியுற கேஸும் ஷேல் கேஸும் ஒண்ணா வேறயா? சும்மா போர் போட்டா வராதா, எதுக்கு பாறைய ஒடைக்கணும்?

பதில்: சிலிண்டர்ல வர்றது எல்.பி.ஜி., அதாவது புரொப்பேனும் பியூட்டேனும். ஷேல் கேஸ் பெரும்பாலும் மீத்தேன், குழாய்ல வர்ற இயற்கை எரிவாயுவும் அதே சரக்குதான். இருக்குற எடம்தான் வேற. வழக்கமான கேஸ் மணற்பாறை மாதிரி துளைத்துளையா இருக்குற பாறைல தேங்கி நிக்கும், போர் எறங்குனா அதுவாவே மேல வந்துடும். ஷேல்ங்கிறது கோடிக்கணக்கான வருஷம் முன்னாடி கடலடில படிஞ்ச சேறு, செத்த பாசியோட சேந்து அமுங்கி அமுங்கி கல்லானது. சின்ன வயசுல எழுதுன கல் சிலேட்டு ஞாபகம் இருக்கா, அது இந்த ஷேலே இன்னும் கொஞ்சம் வெந்து இறுகுனதுதான், அதுல ஒரு சொட்டு தண்ணி விட்டா உள்ள எறங்காம அப்படியே நிக்கும்ல, தண்ணியே உள்ள போகாத கல்லுலேருந்து கேஸ் மட்டும் எப்படிங்க தானா வெளிய வரும்?

அதனால ரெண்டு மூணு கிலோமீட்டர் நேரா எறங்கி, அங்கேருந்து ட்ரில்ல மெதுவா திருப்பி, பாறை அடுக்குக்குள்ளயே படுக்கையா இன்னும் ரெண்டு மூணு கிலோமீட்டர் போவாங்க. அப்புறம் பைப்புல ஓட்டை போட்டு, தண்ணி, மணல், கெமிக்கல் மூணையும் பயங்கர ப்ரஷர்ல அடிப்பாங்க. பாறை மயிரிழை மயிரிழையா விரியும், மணல் போயி அந்த விரிசல் மூடிக்காம முட்டுக் குடுத்து நிக்கும், கேஸ் கசிஞ்சு வரும். இதுதான் ஃப்ராக்கிங். பாறைய ஒடைக்கிற வேலை புதுசு இல்ல, 1947லயே அமெரிக்காவுல கான்சாஸ்ல செஞ்சு பாத்துட்டாங்க. ஷேல்லேருந்து காசு பாக்கலாம்னு காட்டுனது டெக்சாஸ்காரர் ஜார்ஜ் மிட்செல். அங்க இருக்குற பார்னெட்ங்கிற ஷேல் பாறை அடுக்குல வருஷக்கணக்கா கை சுட்டுக்கிட்டு, 90கள் கடைசில கெட்டியான ஜெல்ல விட்டுட்டு பெரும்பாலும் தண்ணியவே அடிச்சுப் பாத்தப்பதான் அவருக்குக் கை கூடிச்சு. 2000த்துக்கு அப்புறம் படுக்கை ட்ரில்லும் அதோட சேந்துச்சு, கதையே மாறிடுச்சு.

கேள்வி: குழாயத் தொறந்து லைட்டர் காட்டுனா தண்ணி தீப்புடிச்சு எரியுற வீடியோ வாட்ஸ்அப்ல வந்துச்சு. நெஜமா, இல்ல கிராபிக்ஸா?

பதில்: நெஜம்தான். ஆனா எரியுறது தண்ணி இல்ல, தண்ணில கரைஞ்சு வந்த மீத்தேன். சோடா பாட்டில் மூடிய திருகுன உடனே உஸ்ஸுன்னு வருதுல்ல, அதே கணக்கு, நிலத்துக்கடில அழுத்தத்துல அடங்கி இருந்த கேஸ் குழாய் வாய்ல வந்ததும் பிரிஞ்சுடும். ஒரு லிட்டர் தண்ணில 28 மில்லிகிராமுக்கு மேல மீத்தேன் இருந்தா உடனே நடவடிக்கை எடுக்கணும்னு அமெரிக்க அரசு வழிகாட்டுதலே இருக்கு. மீத்தேனுக்கு வாசனையே கெடையாது, வீட்டு கேஸ்ல அடிக்கிற நாத்தம் கசிஞ்சா தெரியணும்னு நாமளா கலக்குறது, அதனால மூடி வச்ச போர்வெல் தொட்டில இது நெறைஞ்சு கெடந்தாலும் யாருக்கும் தெரியாது. பென்சில்வேனியாவுல டிமாக்குங்கிற ஊர்ல 2009 ஜனவரி 1ஆம் தேதி ஒரு வீட்டு தண்ணி கிணறு அப்படித்தான் வெடிச்சுச்சு, மேல மூடியிருந்த கான்கிரீட் பலகையே பேந்துடுச்சு. அங்க கேஸ் எடுத்த கம்பெனி மேல போட்ட வழக்கு வருஷக்கணக்கா இழுத்து, 2022லதான் அவங்க குற்றச்சாட்ட எதிர்த்து வாதாடாம, அந்த ஊருக்கு குடிதண்ணி லைன் போட பணம் குடுக்க ஒத்துக்கிட்டாங்க.

இன்னொரு பக்கமும் சொல்லணும், இல்லன்னா நான் நேர்மையா பேசல. தீப்புடிக்கிற எல்லா குழாயும் ஃப்ராக்கிங் பண்ணுன வேலை இல்ல. ட்ரில் வர்றதுக்கு பல தலைமுறைக்கு முன்னாடியே மீத்தேன் வந்துக்கிட்டிருந்த கிணறுங்க உண்டு. கொலராடோல ரொம்ப பிரபலமான ஒரு குழாய்த் தீய மாநில அதிகாரிங்க டெஸ்ட் பண்ணிட்டு, அது மேலடுக்குல கிருமிங்களால உண்டான இயற்கை கேஸ்னு சொன்னாங்க. ஆழத்துல வெந்து உண்டான கேஸுக்கும் சதுப்புல ஊறுன கேஸுக்கும் கார்பன் அணுவோட எடைக் கணக்குலயே வித்தியாசம் தெரியும், லேப்ல கண்டுபுடிச்சுடலாம். ஆனா ட்ரில் வர்றதுக்கு முன்னாடி உங்க தண்ணி எப்படி இருந்துச்சுன்னு ரிப்போர்ட் இல்லன்னா கோர்ட்ல வாதமே நிக்காது. நெறைய பேரு தோத்தது அங்கதான்.

கேள்வி: விரிசல் விடுறது ரெண்டு கிலோமீட்டர் கீழ, குடிக்கிற தண்ணி நூறு இருநூறு மீட்டர்ல. நடுவுல அவ்ளோ பாறை இருக்கே, எப்படி கலக்கும்? நான் சிவில் இன்ஜினியர், உணர்ச்சிவசப்படாம பதில் சொல்லுங்க.

பதில்: சார், நீங்க கேக்குறது ரொம்ப சரி. அந்த விரிசல் அவ்ளோ தூரம் மேல ஏறி வர்றது கிட்டத்தட்ட நடக்காத காரியம். 2011ல ட்யூக் பல்கலைக்கழகக்காரங்க பென்சில்வேனியா, நியூயார்க் பக்கம் வீட்டுக் கிணறுங்கள டெஸ்ட் பண்ணாங்க. கேஸ் கிணறு ஒரு கிலோமீட்டருக்குள்ள இருந்த எடத்துல மீத்தேன் சராசரியா 17 மடங்கு அதிகம். ஆனா அதே ஆய்வுல, கீழ அடிச்ச கெமிக்கல் தண்ணி கலந்ததுக்கு அடையாளமே கெடைக்கல! கேஸ் வந்திருக்கு, கெமிக்கல் வரலைன்னா அது விரிசல் வழியா வரல, வேற ஏதோ வழில வந்திருக்குன்னுதானே அர்த்தம்?

அந்த வழி பைப்புதான். ரெண்டு கிலோமீட்டர் பாறைய நீங்க காவலுக்கு நிறுத்தி வைக்கிறீங்க, அந்தக் காவல குத்திக்கிட்டு போற ஓட்டைய நாமளே போடுறோம்ல. ஓட்டைக்குள்ள கேசிங்ங்கிற இரும்புக் குழாய எறக்குவாங்க, கேசிங்குக்கும் பாறைக்கும் நடுவுல ரெண்டு மூணு விரல்கடை சந்து இருக்கும், சிமெண்ட் பாலை கேசிங்குக்குள்ள விட்டு அடில சுத்தி வந்து அந்த சந்துல ஏறுற மாதிரி தள்ளுவாங்க. கண்ணுல பாக்க முடியாத வேலை. கேசிங் ஒரு பக்கமா சாஞ்சு நின்னா அந்தப் பக்கம் சிமெண்ட் சவ்வு மாதிரிதான் நிக்கும், ட்ரில்லிங் சேறு சரியா கழுவப்படலைன்னா சிமெண்ட் பாறையப் புடிக்காது. சரியாவே போட்டாலும், சிமெண்ட் இறுகும்போது சுருங்கும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா? அப்புறம் ஒவ்வொரு தடவ ப்ரஷர் அடிக்கும்போதும் இரும்பு லேசா உப்பும், விட்டதும் சுருங்கும். பத்து இருபது தடவ இப்படி ஆனா இரும்புக்கும் சிமெண்டுக்கும் நடுவுல ஒரு மயிரிழை வாய் தொறக்கும், கேஸுக்கு அது போதும். எங்க வீட்டு பாத்ரூம்ல பைப் சுவத்துக்குள்ள நுழையுற எடத்துல மட்டும் வருஷா வருஷம் ஈரம் பூக்குது, எத்தன தடவ பூசுனாலும் அந்த வளையம் திரும்பி வருது. சுவரு உறுதியாத்தான் இருக்கு, பைப்பும் நல்லாத்தான் இருக்கு.

அமெரிக்க சுற்றுச்சூழல் அமைப்பு ஈ.பி.ஏ. 2015ல வெளியிட்ட வரைவு அறிக்கைல, குடிநீருக்கு பரவலான பாதிப்பு இருக்குறதுக்கு ஆதாரம் கெடைக்கலன்னு ஒரு வரி இருந்துச்சு. அவங்களோட சொந்த அறிவியல் ஆலோசனைக் குழுவே அந்த வரி தாங்காதுன்னு கேள்வி கேட்டுச்சு, 2016 இறுதி அறிக்கைல அந்த வரி காணாம போயி, சில சூழ்நிலைகள்ல பாதிக்கும்னு ஆச்சு.

கேள்வி: 99 சதவீதம் தண்ணியும் மணலும்தான், ஒரே ஒரு சதவீதம்தான் கெமிக்கல்னு சொல்றாங்களே?

பதில்: சதவீதத்துல பேசுனா எதுவுமே சின்னதாத்தான் தெரியும். அமெரிக்க புவியியல் ஆய்வுத்துறை கணக்குப்படி ஒரு கிணத்துக்கு சுமார் 57 லட்சம் லிட்டர்லேருந்து 6 கோடி லிட்டர் வரைக்கும் தண்ணி போகுது. நடுவுல ஒரு 2 கோடி லிட்டர்னு வச்சுக்கோங்க, அதுல ஒரு சதவீதம்னா 2 லட்சம் லிட்டர் கெமிக்கல். அது முழுக்க ரோட்டு வழியா லாரில வந்து, தளத்துல எறக்கி, கலந்து அடிக்கணும், சிந்துறதும் இந்த எடத்துலதான்.

என்ன கெமிக்கல்னா, தண்ணி வழுக்கிக்கிட்டு போறதுக்கு ஒண்ணு, துருப்புடிக்காம இருக்க ஒண்ணு, ஆசிட் கொஞ்சம், கிருமி வளராம இருக்க ஒண்ணு. அந்தக் கடைசி அயிட்டத்துல அடிக்கடி வர்ற பேரு குளூட்டரால்டிஹைட், ஆஸ்பத்திரில கருவிங்கள கிருமிநீக்கம் பண்ண உபயோகிக்கிறது. மீதி என்னென்னன்னு கேட்டா "தொழில் ரகசியம்"னு பதில் வரும். 2005ல அமெரிக்காவுல ஒரு எரிசக்திச் சட்டம் வந்துச்சு, நிலத்தடி குடிநீர பாதுகாக்குற சட்டத்துலேருந்து ஃப்ராக்கிங்க கழட்டி விட்டுச்சு, டீசல் கலந்தா மட்டும்தான் பர்மிட் வேணும். இதுக்கு அங்கயே வச்ச பேரு "ஹாலிபர்ட்டன் ஓட்டை". ஹாலிபர்ட்டன்ங்கிறது ஃப்ராக்கிங் வேலை செய்யுற ஒரு பெரிய கம்பெனி. அப்ப துணை ஜனாதிபதியா இருந்த டிக் சேனி அதுக்கு முன்னாடி அந்த கம்பெனிக்குத் தலைவரா இருந்தவர்.

தண்ணி அளவு பத்தி ஒண்ணு. நாடு முழுக்க விவசாயத்துக்கு போற தண்ணியோட ஒப்பிட்டா இது ஒண்ணுமே இல்லன்னு கம்பெனிங்க சொல்றது கணக்குப்படி உண்மை. ஆனா ஓடையில தண்ணி எடுக்குறவனுக்கு நாட்டோட கணக்கு எதுக்கு? ஒரே ஓடைலேருந்து சில வாரத்துக்குள்ள எடுக்குறாங்க, 12 ஆயிரம் லிட்டர் டேங்கர்னா 2 கோடி லிட்டருக்கு 1,600 லாரிக்கு மேல வருது, அதுவும் ரெண்டு வண்டி ஒதுங்க முடியாத ரோட்டுல.

கேள்வி: உள்ள அடிச்ச தண்ணி என்ன ஆகும்? அங்கயே இருந்துடுமா?

பதில்: இத்தன மெயில்ல இத கேட்டது ஒரே ஒருத்தர், காலேஜ்ல படிக்கிற பொண்ணு. என்னைய கேட்டா முதல் கேள்வியே இதுதான்.

ஒரு பகுதி பாறைலயே தங்கிடும். மீதி மேல வரும், ஆனா போனது மாதிரி வராது. பழைய கடலோட உப்பு அந்தப் பாறைல இன்னும் இருக்கு, அதக் கரைச்சுக்கிட்டு வரும். பென்சில்வேனியா பக்கம் இருக்குற மார்செல்லஸ் ஷேல்லேருந்து வர்ற தண்ணி கடல்தண்ணிய விட அஞ்சாறு மடங்கு உப்பாக்கூட இருக்கும். கூடவே பேரியம், புரோமைடு, ரேடியம். யாரும் கலக்கல, பாறைக்குள்ள இயற்கையா இருந்ததுதான், அதனால "நாங்க போட்ட கெமிக்கல் பாதுகாப்பானது"ன்னு கம்பெனி எவ்ளோ சத்தியம் பண்ணாலும் அது இந்தக் கேள்விக்கு பதிலே இல்ல.

ஆரம்பத்துல பென்சில்வேனியாவுல இத ஊர் கழிவுநீர் ப்ளாண்டுக்கு அனுப்புனாங்க. அந்த ப்ளாண்டு மனுஷக் கழிவுக்காக கட்டுனது, உப்ப எடுக்கத் தெரியாது, அப்படியே ஆத்துல விட்டுச்சு. கீழ உள்ள ஊர்ல குடிதண்ணிக்கு குளோரின் போட்டா அது புரோமைடோட சேந்து வேற நச்சா மாறுது. 2011ல மாநில அரசு இனிமே அனுப்பாதீங்கன்னு கம்பெனிங்கள கேட்டுக்கிச்சு. கேஸ் கழிவுக்குன்னே இருந்த ஒரு சுத்திகரிப்பு நிலையம் தண்ணி விட்ட ஓடைல 2013ல அடிமண்ண எடுத்துப் பாத்தா, மேல்பக்கம் இருந்தத விட சுமார் 200 மடங்கு ரேடியம். ப்ளாண்டு பெரும்பகுதி ரேடியத்த எடுத்துக்கிட்டு இருந்துச்சுங்கிறதுதான் இதுல கொடுமை, எடுத்தும் மிச்சம் இவ்ளோ.

சரி ஆத்துல விட வேணாம், இன்னும் ஆழமா பூமிக்குள்ளயே அடிச்சுடலாம்னு ஆழ்கிணறு போட்டாங்க. அது ஓக்லஹோமால என்ன பண்ணுச்சுன்னு உலகமே பாத்துச்சு. ரிக்டர்ல 3க்கு மேல வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு வந்துக்கிட்டிருந்த மாநிலம், 2015ல மட்டும் சுமார் 900 தடவ ஆடுச்சு. 2016 செப்டம்பர்ல பாவ்னி பக்கத்துல 5.8. அடில பழைய பிளவுங்க இறுகிப் புடிச்சுக்கிட்டு நிக்கும், அதுக்குள்ள தண்ணி ஏறுனா அந்தப் புடி தளரும், வழுக்கும். உள்ள அடிக்கிற தண்ணி அளவ கொறச்ச பிறகு நடுக்கமும் கொறைஞ்சுச்சு. ஒரு திருத்தம், ஓக்லஹோமால அடிச்ச தண்ணில பெரும்பகுதி எண்ணெயோட சேந்து வந்த பழைய உப்புத்தண்ணி, ஃப்ராக்கிங் தண்ணி அதுல கொஞ்சம்தான். "ஃப்ராக்கிங்கால பூகம்பம்"னு மொட்டையா ஃபார்வர்ட் பண்ணாதீங்க. ஃப்ராக்கிங்கே நேரடியா ஆட்டுனதும் உண்டு, இங்கிலாந்துல பிளாக்பூல் பக்கம் 2011ல 2.3, 2019 ஆகஸ்ட்ல 2.9.

கேள்வி: நிலக்கரிய விட சுத்தம்னு சொல்றது பொய்யா?

பதில்: எரிக்கிற எடத்துல நெஜம். கரண்டுக்கு நிலக்கரிக்கு பதிலா கேஸ் எரிச்சா கார்பன் டை ஆக்சைடு கிட்டத்தட்ட பாதிதான், சாம்பல் இல்ல, பாதரசம் இல்ல. 2005ல அமெரிக்காவுல பாதி கரண்டு நிலக்கரி, இப்ப அஞ்சுல ஒரு பங்கு கூட இல்ல, அதுக்கு மலிவான ஷேல் கேஸ் ஒரு பெரிய காரணம். இத மறுக்குறவங்களோட எனக்கு ஒத்துப்போகாது.

ஆனா அடுப்புக்கு வர்றதுக்கு முன்னாடி வழில ஒழுகுறது இருக்கே. எரியாத மீத்தேன் 20 வருஷக் கணக்குல கார்பன் டை ஆக்சைட விட 80 மடங்குக்கு மேல சூடேத்தும். கசிவு சுமார் 3 சதவீதத்த தாண்டுனா நிலக்கரிய விட்டு வந்த லாபம் முதல் சில வருஷம் போயிடும்னு 2012ல ஒரு கணக்கு வந்துச்சு. 2018ல அமெரிக்கா முழுக்க அளந்து பாத்தப்ப 2.3 சதவீதம், அதாவது அரசு சொன்னத விட 60 சதவீதம் அதிகம். கோட்டுக்கு இந்தப் பக்கம்தான், ஆனா ரொம்ப கிட்டக்க.

கேள்வி: ஒரு தடவ தோண்டிட்டா வருஷக்கணக்கா கேஸ் வருமே, அந்த கொஞ்ச நாள் தொந்தரவ பொறுத்துக்கக் கூடாதா?

பதில்: ஷேல் கிணறு முதல் வருஷத்துலயே பாதிக்கு மேல வத்திடும். உற்பத்தி எறங்காம இருக்கணும்னா பக்கத்துல இன்னொண்ணு, அப்புறம் இன்னொண்ணுன்னு தோண்டிக்கிட்டே இருக்கணும். கொஞ்ச நாளுங்கிறது ஒரு கிணத்துக்கு, ஊருக்கு இல்ல.

கேள்வி: பக்கத்துல இருக்குறவங்க உடம்புக்கு என்ன ஆகும்?

பதில்: மொதல்ல வேலை செய்யுறவங்க. அந்த முட்டுக் குடுக்குற மணல் நுண்ணிய சிலிக்கா, மெஷின்ல கொட்டும்போது பவுடர் மாதிரி பறக்கும், நுரையீரல்ல படிஞ்சா திரும்ப வராது. 2012ல அமெரிக்க தொழில் சுகாதார ஆய்வு நிறுவனம் 11 தளத்துல எடுத்த காத்து சாம்பிள்ல பாதிக்கு கிட்ட சட்ட வரம்பு தாண்டியிருந்துச்சு. குடியிருக்கவங்க விஷயத்துல, பென்சில்வேனியாவுல 11 லட்சம் பிரசவத்த அலசுன 2017 ஆய்வு ஒண்ணு, கிணத்துலேருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ள இருந்த அம்மாக்களுக்கு எடை கொறைஞ்ச குழந்தை பொறக்குற வாய்ப்பு 25 சதவீதம் கூடுதல்னு சொல்லுது, மூணு கிலோமீட்டர் தாண்டுனா பாதிப்பு தெரியல. காத்தா, தண்ணியா, தூக்கமில்லாத ராத்திரியான்னு அந்த ஆய்வு பிரிச்சு சொல்லல.

கேள்வி: கரண்ட்ல ஓடுற கம்ப்யூட்டர்ல ஒக்காந்து எழுதுறீங்களே, வெக்கமா இல்ல?

பதில்: இருக்கு. ஆனா கரண்ட் நம்ம ரெண்டு பேரு வீட்டுக்கும் வருது, உப்புத்தண்ணி நம்ம ரெண்டு பேரு வீட்டுக்கும் வரல.

கேள்வி: எந்த நாடாவது வேணாம்னு சொல்லிருக்கா?

பதில்: பிரான்ஸ் 2011லயே தடை போட்டுச்சு. பல்கேரியா 2012, அமெரிக்காவுக்குள்ளயே நியூயார்க் மாநிலம் 2014 டிசம்பர்ல அறிவிச்சுச்சு. இங்கிலாந்து 2019ல நிறுத்தி, 2022 செப்டம்பர்ல லிஸ் டிரஸ் பிரதமரா வந்து தொறந்து, அக்டோபர்ல அடுத்த பிரதமர் ரிஷி சுனக் வந்து மறுபடி மூடுனாங்க, ஒரு சீசன் கூட தாங்கல. போலந்து கதைதான் சுவாரசியம். அவங்க ஆசையா வரவேத்தாங்க, 5.3 லட்சம் கோடி கன மீட்டர் இருக்குன்னு 2011ல ஒரு அமெரிக்க மதிப்பீடு, அடுத்த வருஷமே அவங்க சொந்த புவியியல் துறை அதுல பத்துல ஒரு பங்கு அளவுதான் தேறும்னு சொல்லிடுச்சு. தோண்டிப் பாத்த பெரிய கம்பெனிங்க ஒண்ணொண்ணா மூட்டை கட்டிட்டாங்க. போராட்டம் துரத்தல, பாறையே கைய விரிச்சுடுச்சு. அர்ஜென்டினா, சீனாவுல வேலை இன்னும் மும்முரமா நடக்குது.

கேள்வி: கேஸ் தீந்த கிணத்த என்ன பண்ணுவாங்க?

பதில்: சட்டப்படி உள்ள சிமெண்ட் ஊத்தி அடைச்சு, மேல பைப்ப வெட்டி மண்ணப் போட்டு மூடணும். வருமானம் நின்ன கிணத்துக்கு செலவு பண்ண யாருக்கு மனசு வரும், அதனால பெரிய கம்பெனி வத்துற கிணத்த சின்ன கம்பெனிக்கு வித்துடும், சின்ன கம்பெனி ஒரு நாள் திவால் ஆயிடும், கிணறு அனாதையா நிக்கும். அமெரிக்காவுல கைவிட்ட எண்ணெய், கேஸ் கிணறு 30 லட்சத்துக்கு மேல இருக்கும்னு ஈ.பி.ஏ. மதிப்பீடு, பெரும்பாலும் ஷேல் காலத்துக்கு முந்தினது. 2021ல அனாதைக் கிணறுங்கள அடைக்க மட்டும் 470 கோடி டாலர் மக்கள் வரிப்பணத்துலேருந்து ஒதுக்குனாங்க. நெறைய கிணத்துக்கு பேப்பரே கெடையாது, எங்க இருக்குன்னே யாருக்கும் தெரியாது. பென்சில்வேனியா காட்டுல இப்ப ட்ரோன்ல காந்தமானிய கட்டி பறக்க விட்டு, மண்ணுக்கடில எங்க இரும்பு பைப் நிக்குதுன்னு தேடிக்கிட்டு இருக்காங்க.